கயிறு படம்

சுற்றுகிறது. போன் திரைக்கு நடுவில் அந்த வெள்ளை வளையம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. டவுன் பஸ்ஸைக் கயிறு கட்டி இழுக்கிற எட்டுப் பேரும் பல்லைக் கடித்தபடி அப்படியே உறைந்து நிற்கிறார்கள். அண்ணன் காத்திருக்கிறார், உலகத்தில் இதை விட்டால் அவருக்கு வேறு வேலையே இல்லாத மாதிரி. போனைப் பிடித்திருக்கிற என் கை கடுக்கிறது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு மேசையில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு முட்டுக்கொடுத்து வைத்துப் பார்த்தேன், வழுக்கி வழுக்கிப் படுத்துவிடுகிறது. அவருக்கு வலது கையில் டிரிப்ஸ் ஊசி, இடது கையால் பிடித்தால் ஆடுகிறதாம், அதனால் ஐம்பத்தாறு வயதில் நான் போன் ஸ்டாண்டாகி உட்கார்ந்திருக்கிறேன். நேற்றுச் சாயந்திரம் டாக்டர் இதே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் இரண்டு பேரிடமும்தான் சொன்னார். சீழ் எலும்புக்குள் இறங்கிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் வழி, தள்ளிப்போட்டால் முழங்காலுக்கு மேலே போக வேண்டிவரும், அதற்கும் மேலே தள்ளினால் அப்புறம் காலைப் பற்றிப் பேச்சே இருக்காது, உயிரைப் பற்றித்தான் பேச்சு. நாளைச் சாயந்திரத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்றார். அண்ணன் அவரைப் பார்த்துத் தலையாட்டி, யோசிச்சுச் சொல்றேங்க என்றார், யாரோ வீட்டுமனை விலை சொன்ன மாதிரி. அந்தச் சாயந்திரம் இதோ ஜன்னலுக்கு வெளியே வந்துகொண்டிருக்கிறது, வெயில் எதிர்ச் சுவரில் பாதிக்கு ஏறிவிட்டது, இவர் இன்னும் யோசிக்கவில்லை. யோசிக்கிற முகமா இது? காலையில் நான் உறையூருக்குப் போய்க் குளித்து, துணி மாற்றிக்கொண்டு, அண்ணி கட்டிக்கொடுத்த ரசமும் கோவைக்காய்ப் பொரியலும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். வந்ததும் வராததுமாக அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கயிறு படம் போடுடா மாறா.

இந்தப் படத்துக்கு ஏதோ பெயர் இருக்கிறது, வாயில் நிற்கவில்லை. அண்ணன் எந்தப் படத்தையும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. கயிறு படம், ஸ்லோ சைக்கிள் படம், சமையல்காரர் கபடி படம். ஊரில் யாரும் பார்த்திராத படங்கள், தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாதவை, சிலது தியேட்டருக்கே வராதவை. யாரோ எடுத்து, யாரும் வாங்காமல், கடைசியில் யூடியூபில் கொண்டுவந்து கொட்டியவை. அதை எப்படித்தான் தோண்டி எடுப்பாரோ. சமையல்காரர் படத்தில் கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்கள் மதியப் பந்திக்கும் ராத்திரிப் பந்திக்கும் நடுவில் கபடி ஆடுவார்கள், ரெய்டு போனவன் பாதியில் சாம்பார் அடிப்பிடிக்கிற வாசனை வந்து திரும்பி ஓடிவிடுவான். அதற்கு இவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார், ஒவ்வொரு தடவையும். ஸ்லோ சைக்கிள் படம்தான் எனக்குச் சகிக்கவே முடியாதது. பொங்கலுக்கு நடத்துவார்களே, கால் தரையில் படாமல் யார் கடைசியாக வருகிறானோ அவனுக்குப் பரிசு, அதற்கு ஒரு முழுப் படம். கதாநாயகன் கடைசியில் வருவதற்காகப் பயிற்சி எடுக்கிறான். நான் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். லேட்டாக வருகிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே ரத்தக்கொதிப்பு வந்தவன். என்னை உட்காரவைத்து அதைக் காட்டினார். இதோ, கயிறு இழுக்கிற போட்டியைப் பற்றிய இந்தப் படத்திலும் பஸ். நியூட்ரலில் நிற்கிற பஸ்ஸை இழுத்துப் பழகுகிறார்களாம், திடீரென்று பஸ் கிளம்பி இவர்களை இழுத்துக்கொண்டு போகிறதாம், எப்படிக் கிளம்பும், டிரைவர் இல்லாமல் எந்த பஸ் கிளம்பும், கேட்டால் அண்ணன், அது சரிவுடா, ரோட்டைப் பாரு, என்கிறார். ரோட்டைப் பார்க்கிறேன். சரிவுதான். அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

வளையம் நின்றது. எட்டுப் பேரும் தார் ரோட்டில் குப்புற விழுந்து செருப்புத் தேய இழுபட்டுப் போகிறார்கள். முன்னால் பிடித்திருக்கிற கோழிக்கடைக்காரன் கையை விட மாட்டேன் என்கிறான், விட்றா விட்றா என்று பின்னாலிருக்கிற தையல்காரர் கத்துகிறார், விட்டால் கோச் திட்டுவாருங்க என்கிறான் அவன். அண்ணனின் தொந்தி குலுங்குகிறது. வெள்ளைப் போர்வைக்கு அடியிலிருந்து வெளியே நீட்டியிருக்கிற அந்தக் கால், கட்டுப் போட்ட அந்தக் கால், அதுவும் சேர்ந்து குலுங்குகிறது. அதைப் பார்க்கக்கூடாது என்று நான் திரையைப் பார்க்கிறேன், திரையைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னலைப் பார்க்கிறேன், மறுபடி கால்தான் கண்ணில் விழுகிறது. கட்டுக்கு மேலே, கெண்டைக்காலில் தோல் பளபளவென்று வீங்கி, கறுத்து. இந்தக் கெண்டைக்கால் அந்தக் காலத்தில் இரும்புக் குண்டு மாதிரி இருக்கும். லால்குடிச் சுற்றுவட்டாரத்தில் வாலிபால் தெரிந்தவன் எவனும் அண்ணன் பெயரில் அறவாழி அடி என்றால் என்ன என்று சொல்வான். செட்டர் தூக்கிப்போடுகிற பந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே அண்ணன் கிளம்பிவிடுவார், அங்கே மேலே போய்க் கொஞ்சம் காத்திருப்பார். உண்மையாகவே காத்திருந்தார் என்றுதான் எனக்கு ஞாபகம், காற்றில், ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி. அப்புறம்தான் கை இறங்கும். அந்தச் சத்தம். அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் தேடித் தேடித் தமிழ்ப் பெயர் வைத்தவர், மேடைகளில் பேசியவர், மகன் விளையாடுவதைப் பார்க்க ஒரு தடவைகூட வந்ததில்லை. அந்த மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு மட்டும் வந்தார். பெரிய நிறுவனத்து அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறவர் வந்திருக்கிறார், அறவாழியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று ஊரே சொன்னதால் வந்தார். வெள்ளை வேட்டியில், முதல் வரிசை நாற்காலியில்.

அதை நினைக்கக்கூடாது. கால் போகப்போகிற நேரத்தில் அது எதற்கு? ஆனாலும் மனசு அங்கேதான் போய் மாட்டுகிறது, நாக்கு சொத்தைப் பல்லுக்குப் போகிற மாதிரி. கடைசிப் புள்ளி. பந்து உயரமாக வந்தது, அண்ணன் எழும்பினார், மேலே போனார், காத்திருந்தார், டவுசர் நாடா அறுந்தது. பட்டென்று. ஒரு மைதானமே பார்த்துக்கொண்டிருக்க, அடிக்கப்போன கை அடிக்காமல் கீழே வந்து டவுசரைப் பிடித்தது. பந்து அவர் தலையில் விழுந்து வெளியே உருண்டது. ஆட்டம் முடிந்தது. எதிரணிக்காரன்கூட ஜெயித்ததைக் கொண்டாட மறந்து சிரித்தான். நாற்காலிகள் சிரித்தன, மரத்தில் ஏறியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அண்ணன் ஒரு கையால் டவுசரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வலையைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். ஆள் எடுக்கிறவரும் போய்விட்டார். நான் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் எனக்கு நாடா என்று பெயர் வைத்தார்கள், எனக்கு, அவருக்கு இல்லை. அவர் பி.டி. வாத்தியார் வேலைக்குப் போனார், மைதானமே இல்லாத ஒரு பள்ளிக்கூடத்துக்கு. முப்பது வருடம் ஒரு வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்கு டிரில் எடுத்தார். ஒரு கல்யாணம் விடாமல், ஒரு காதுகுத்து விடாமல் அந்த நாடா கதையைச் சொல்லிச் சிரித்தார். சிரிக்க எப்படி முடிகிறது? அன்றைக்கு அந்தக் கை இறங்கியிருந்தால் எங்கோ இருந்திருக்க வேண்டியவர், நல்ல சம்பளம், குவார்ட்டர்ஸ், நல்ல டாக்டர்கள், சர்க்கரையை முளையிலேயே பிடித்திருப்பார்கள், இந்தக் கால் இருந்திருக்கும். நாடா அறுந்த அந்த இடத்திலிருந்து இந்தக் கட்டில்வரை எனக்கு நேர்க்கோடு தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லை. அவர் நடுவில் எங்கேயோ நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

டீ. அதையும் அவர்தான் சொன்னார். அவர் பெண் இனியா வேலை கிடைத்த முதல் வருடம் எங்கள் எல்லாரையும் பெரிய மாலுக்கு ஒரு படம் பார்க்கக் கூட்டிப்போனாள். ஓட்டப்பந்தயப் படம். கோச் பையனைக் கன்னத்தில் அறைகிறார், பையன் மழையில் ஓடுகிறான், மணலில் ஓடுகிறான், அம்மா சாகக்கிடக்கிறாள், அவன் ஓடுகிறான், கடைசியில் மூக்கில் ரத்தம் ஒழுக ஜெயிக்கிறான், தியேட்டரே அழுதது, நான் அழுதேன், கைக்குட்டை நனைந்துவிட்டது. அண்ணன் இடைவேளையில் பாப்கார்ன் வாங்கப் போனவர் திரும்பி வரவேயில்லை. வெளியே குழந்தைகள் பந்து எறிந்து விளையாடுகிற இடத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன், பிள்ளை காசு செலவழித்துக் கூட்டிவந்தால் இப்படியா என்று. அப்போது சொன்னார். அதுல தோத்தா செத்துருவாங்கடா. நம்ம படத்துல தோத்தா டீ குடிக்கப் போவாங்க. அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அவரிடம் படித்த பெண் ஒருத்தி மாவட்டப் போட்டியில் கடைசியாக வந்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்து பள்ளிக்கூடக் கழிப்பறையில் ஒளிந்துகொண்டாளாம், அவளைக் கூட்டிப்போய் வீட்டில் விட்டு, அவள் அப்பா கூடவே உட்கார்ந்து ஊர்க்கதை பேசி, அந்த ஆள் சிரிக்கிறவரை கிளம்பாமல் இருந்துவிட்டு வந்தார் என்று அண்ணி சொல்லித்தான் தெரியும். சரி, அது பிள்ளைகளுக்கு. இது கால். தோற்றால் டீ குடிக்கப் போக இதிலே என்ன இருக்கிறது? ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது முகத்தைச் சுருக்கி, என்னடா மாறா இப்படி ஆயிருச்சு என்று சொல்லக்கூடாதா? சொன்னால் நான் ஏதாவது சொல்வேனே. தயாராக வைத்திருக்கிறேனே.

வாக்கியங்கள். காலையில் குளிக்கும்போதிருந்து சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணே, உசிரு முக்கியம்ணே. இது நல்லாயிருக்கிறது, ஆனால் நல்லாயிருக்கிறதாலேயே சொல்ல வரவில்லை. அண்ணே, இனியா கல்யாணத்தைப் பார்க்க வேண்டாமா? இது அழ வைத்துவிடும், அவரை இல்லை, என்னை. அண்ணே, இப்பல்லாம் செயற்கைக் கால் வச்சு மலையே ஏறுறாங்க. இது நேற்று ராத்திரியே செலவாகிவிட்டது. ஒற்றைக்கால்காரர் ஒருத்தர் பனிமலை ஏறுகிற வீடியோவை வாட்ஸாப்பில் அனுப்பினேன், பக்கத்திலேயே படுத்திருக்கிறவருக்கு, வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல். பார்த்தார். முழுசாகப் பார்த்தார். அவர் ஏறட்டும்டா, நமக்கு எதுக்கு மலை, என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். நான் தூங்கவில்லை. பெஞ்சில் படுத்துக்கொண்டு என் கால் விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிப்பார்த்தேன். எனக்கும் சர்க்கரை. அப்பாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு வந்தது, எனக்கு வந்தது, எங்கள் வீட்டில் தமிழ்ப் பெயரோடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டார்கள். இப்போதுகூட ஷூவுக்குள் பெருவிரலைத் தரையில் அழுத்துகிறேன். தெரிகிறது. சுண்டுவிரல். தெரிகிற மாதிரிதான் இருக்கிறது. நேற்றைக்கு இதைவிட நன்றாகத் தெரிந்ததோ? இன்னொரு தடவை அழுத்துகிறேன். திரையில் எருமையை எதிர்ப்பக்கம் கட்டிப் பழகுகிறார்கள், எருமை அசையாமல் அசைபோடுகிறது, அண்ணன், அதோட மூஞ்சியைப் பாரேன், அதோட மூஞ்சியைப் பாரேன், என்கிறார். பார்க்கிறேன்.

படம் மறைந்து அண்ணி பெயர் வருகிறது. போன் என் கையிலேயே அதிர்கிறது. அண்ணன் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைக்கிறார். வராந்தாவுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். மங்கையர்க்கரசி அண்ணிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, புண்ணைச் சுத்தம் பண்ணுகிறார்கள் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன், சொல்லச் சொன்னது இவர்தான். அவர் சாப்பிட்டாரா என்று அண்ணி கேட்கிறார்கள், பொரியல் எப்படியிருந்தது என்று கேட்கிறார்கள், கோவையிலிருந்து இனியா பஸ் ஏறிவிட்டாள் என்கிறார்கள். எனக்கு முழு வாக்கியமும் வாய்வரை வந்துவிட்டது. அண்ணி, அவரிடம் நீங்கள் பேசுங்கள், நான் சொன்னால் கேட்கமாட்டார், மத்தியானத்திலிருந்து ஒரு எருமையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். சொல்லவில்லை. என்ன பண்றார் என்று கேட்கிறார்கள். படம் பார்க்கிறார் என்கிறேன். சிரிக்கிறாரா என்கிறார்கள். சிரிக்கிறார் அண்ணி. அப்ப சரி, என்று வைத்துவிட்டார்கள். அப்ப சரியா? என்ன சரி? இந்தக் குடும்பத்தில் முகம் சுளிக்கிற வேலை எனக்கு மட்டும்தான் என்று எழுதிவைத்திருக்கிறதா? வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றேன். டெட்டால் வாடை. சக்கர நாற்காலியில் ஒரு அம்மாவைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், அவள் மடியில் ஒரே ஒரு செருப்பு. அது இன்னொரு காலுக்கானதாகவும் இருக்கலாம், கழற்றி வைத்ததாகவும் இருக்கலாம், நான் திரும்பிப் பார்க்கவில்லை. முடிவு செய்துவிட்டேன். உள்ளே போய்ப் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டியது. நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேராகப் போட வேண்டியது. சுற்றி வளைக்காமல், அண்ணே ஆமாவா இல்லையா, என்று கேட்க வேண்டியது. டிரைவர்களிடம் கேட்பேனே, வண்டி எடுக்கறியா இல்லையா, அப்படி.

உள்ளே போனால், எங்க விட்டோம், என்கிறார். அவ்வளவு ஆவலோடு. அறுபத்து நாலு வயசு முகத்தில் அந்த ஆவல். எருமை, என்றேன் நான். என் வாய்தான் சொன்னது. உட்கார்ந்து, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். கை உடனே கடுக்க ஆரம்பித்தது. என்மேல் எனக்கு வருகிற வெறுப்பு இவர்மேல் வருகிறதைவிடப் பெரிதாக இருக்கிறது. வெயில் சுவரை விட்டு ஏறிப் போய்விட்டது. டாக்டர் வருவார், என்ன முடிவு பண்ணீங்க என்பார், இவர் இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க என்பார், நான் எருமைப் படத்தைக் கையில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தவனாக நிற்பேன். நாளைக்கு முழங்காலுக்கு மேலே. அதற்கடுத்த நாள். இல்லை. அப்படி இல்லை. ஆனாலும் கண்ணில் வருகிறது, வெள்ளைத் துணி, இனியா, அண்ணி, அந்தக் கல்யாண வீடுகளில் நாடா கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் வரிசையாக வருவார்கள், அங்கேயும் எவனாவது அந்தக் கதையைச் சொல்வான். திரையில் இறுதிப்போட்டிக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். எதிரணி ரைஸ்மில் ஆட்கள், ஒவ்வொருத்தனும் நெல் மூட்டை மாதிரி. நம்ம ஆட்கள் எட்டுப் பேரில் ஒருத்தனுக்கு அன்றைக்குக் கல்யாணம், மாலையோடு ஓடிவருகிறான். அண்ணன் தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்புகிறார்.

கதவைத் தட்டிக்கொண்டு நர்ஸ் வருகிறாள். சின்னப் பெண், கையில் ஒரு டிரே, டிரேயில் பஞ்சு, ஸ்பிரிட், ஒரு கறுப்பு மார்க்கர். தீர்ந்துபோன டிரிப்ஸை முதலில் கழற்றுகிறாள், ஊசிமேல் பிளாஸ்டர் ஒட்டுகிறாள். அப்புறம் கட்டில் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை முழங்கால்வரை மடக்கி, அப்பா, உங்க பேரைச் சொல்லுங்க என்கிறாள். அறவாழி, என்கிறார் அண்ணன், கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல்.

"எந்தக் கால்ப்பா? எனக்குத் தெரியும், ஆனா நீங்களே வாயால சொல்லணும்."

"இடது கால்மா."

அவள் ஸ்பிரிட்டால் துடைத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, இடது கெண்டைக்காலுக்கு மேலே ஒரு அம்புக்குறி போடுகிறாள். நன்றாக அழுத்தி, இரண்டு தடவை. குறுகுறுக்குதாப்பா என்கிறாள். கீழ எதுவும் தெரியறதில்லம்மா, ரொம்ப நாளாச்சு, என்கிறார். நான் எழுந்துவிட்டேன். இன்னும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, டாக்டருக்கு நாங்கள் இன்னும் பதிலே சொல்லவில்லை, எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன், குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையில் டாக்டர் வந்தபோதே அப்பா சரி என்று சொல்லிவிட்டாரே, நாளைக்குக் காலையில் முதல் கேஸ், உங்களுக்குத் தெரியாதா சார் என்றாள். பிறகு, மார்க் அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டிரேயைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். என் கையிலிருந்த போனில் ஒரு நடுவர் விசில் ஊதினார். நான் அதை நிறுத்தினேன்.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லலை?"

அண்ணன் திரையை விட்டுக் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லாமல் அந்த முகம் அப்பா முகம் மாதிரி இருந்தது.

"சொன்னா நீ படம் போட்டிருக்க மாட்டடா."

நான் ஜன்னலுக்குப் போனேன். கீழே இளநீர்க்காரன் சீவிய மட்டைகளைக் குவித்துக்கொண்டிருந்தான். கத்த வேண்டும்போல இருந்தது. நான் குளிக்கப் போயிருந்தபோது. நான் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அண்ணே உசிரு முக்கியம்ணே என்று சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தபோது, இவர் இங்கே தனியாக, பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லாமல், டாக்டரின் முகத்தைப் பார்த்து, சரிங்க எடுத்துருங்க என்று சொல்லியிருக்கிறார். எப்படிச் சொன்னார்? எந்தக் குரலில்? சொல்லிவிட்டு அப்புறம் நான் வருகிறவரை என்ன செய்தார், காலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாரா, யாராவது தண்ணீர் கொடுத்தார்களா? நான் வந்தேன், பொரியல் டப்பாவைத் திறந்தேன், உப்பு சரியாயிருக்கிறதா என்று கேட்டேன், சரியாயிருக்கு என்றார். மத்தியானம் முழுக்க நான் அவருக்காகச் சுமந்துகொண்டிருந்தது ஏற்கெனவே இறக்கிவைத்தாகிவிட்ட மூட்டை. அத்தனை வாக்கியங்கள். என்னை ஒரு வாக்கியம்கூடச் சொல்லவிடாமல் பண்ணிவிட்டாரே. அந்த மைதானத்தில் டவுசரைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அன்றைக்கு ராத்திரி வீட்டில் என்ன செய்தார்? எனக்குத் தெரியாது. நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அவர் பாய் எனக்குப் பக்கத்தில்தான். அவர் அழுதாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. சிரித்தார் என்றே நாற்பத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து அவர் மெதுவாகச் சொன்னார், ராத்திரி இனியா வந்ததும் அவளைக் கூட்டிப்போய் அண்ணியிடம் நான்தான் நேரில் சொல்ல வேண்டுமாம், போனில் வேண்டாமாம், நான் சொன்னால்தான் அண்ணி தாங்குவார்களாம். நான்தான் பொறுமையான ஆளாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனைக் குடுடா என்றார். கொடுத்தேன். ஊசி இல்லாத கையில், நெஞ்சுமேல் நிறுத்தி வைத்துக்கொண்டு அவரே தட்டினார், விசில் மறுபடி ஊதியது, கூட்டம் கத்தியது. எனக்கு நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை, வெளியே போகவும் பிடிக்கவில்லை. கட்டிலைச் சுற்றி வந்து கால்மாட்டில், விளிம்பில் உட்கார்ந்தேன். மத்தியானம் முழுக்க நேராகப் பார்க்காமலிருந்த காலை இப்போது பார்த்தேன். மார்க்கர் மை இன்னும் காயவில்லை, அம்பின் முனை தோலில் கொஞ்சம் கசிந்திருந்தது. கட்டுப் போட்ட பாதத்தின்மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. அவர் திரும்பவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். துணிக்குள் பெருவிரல், அதற்கடுத்த விரல், எல்லாம் அதது இடத்தில் இருந்தன. விரல்களைச் சேர்த்து முழுசாகப் பிடித்துக்கொண்டேன், நன்றாக இறுக்கி, யாராவது பிடுங்க வந்தால் விடமாட்டேன் என்கிற மாதிரி. அவருக்குத் தெரியவில்லை. போனிலிருந்து ஏலேலோ என்று கூட்டமாகக் குரல் வந்தது, அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது, அந்தக் குலுக்கல் இடுப்பு வழியாக, முழங்கால் வழியாக, என் கைக்குள் வந்தது.

"மாறா, எங்கடா போய் உக்காந்துட்ட? வந்து பாரு, மாப்ள மாலையோட இழுக்கறான்."

"பாத்துக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்" என்றேன். இங்கிருந்து போனின் முதுகும் அதற்கு மேலே சிரிக்கிற அவர் முகமும்தான் தெரிகின்றன. கையை எடுக்கவில்லை.